எல்லை எழுதாத உறுதி



ஒரு காணி உறுதியிலிருந்து தொடங்குகிறேன். உறுதி என்றால் என்னவென்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் பெட்டியை விட்டுவிட்டு உறுதியை மடியில் கட்டிக்கொண்டு வந்த தாய்மாரின் பிள்ளைகள் நாம். வடக்கே யார் காணி, கிழக்கே எந்த ஒழுங்கை, தெற்கே எவருடைய பனை வளவு என்று நான்கு எல்லையும் எழுதாத ஒரு தாளை நொத்தாரிசு நீட்டினால், நம் ஊரில் எழுத்தறியாத கிழவிகூட அதில் கைநாட்டு வைக்கமாட்டாள்.

இந்த ரொறன்ரோ நகரின் பெரும்பகுதிக்கு 1787இல் எழுதப்பட்ட உறுதி அப்படிப்பட்ட ஒரு தாள். பூர்வகுடியினரான மிசிசாகா மக்களிடமிருந்து பிரிட்டிஷ் அரசு நிலத்தை வாங்கியதாக அது சொல்கிறது. நிலத்தின் விவரம் எழுத வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. மிசிசாகாத் தலைவர்களின் குலக்குறிகள் வேறொரு துண்டுத் தாளில் வரையப்பட்டு அதனோடு ஒட்டப்பட்டிருக்கின்றன. இது செல்லாது என்ற ஐயம் அன்றைய அதிகாரிகளுக்கே இருந்தது. அதனால்தான் 1805இல் பத்து ஷில்லிங் கொடுத்து இன்னோர் உறுதி எழுதினார்கள். அந்தக் கணக்கு 2010இல், 145 மில்லியன் டொலர் இழப்பீட்டோடுதான் முடிந்தது. முதல் தாளிலிருந்து எண்ணினால் 223 ஆண்டுகள்.

முப்பது ஆண்டுகளாக இந்த நகரில் வீடு, காணி கைமாறும் சட்ட வேலையைச் செய்து வருகிறேன். ஆனாலும் இந்த உறுதியைப் பற்றி நான் அறிந்தது தொழிலுக்கு வந்து வெகுகாலத்துக்குப் பின்புதான். சட்டபீடத்துச் சொத்துரிமை வகுப்பில் இங்கிலாந்தின் நிலமானிய முறையைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். என் கதிரைக்குக் கீழே இருந்த நிலம் யாருடையது என்று எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வகுப்பில் பூர்வகுடி மாணவி ஒருவர் இருந்தார். முதலாண்டு முடிந்தபின் அவரைக் காணவில்லை. ஏன் போனார் என்று அப்போது விசாரிக்காமல் விட்டது இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது. அந்த வெறுங்கதிரையை நினைத்தே இந்த உரையை எழுதினேன்.

பூர்வகுடிகள் என்று நான் சொல்வது மூன்று பெரும் பிரிவினரை: முதற்குடிகள், இனுயிட், மெட்டி. முதற்குடிகளைச் சட்டம் இன்றும் 'இந்தியர்' என்றே குறிக்கிறது. அவர்களுள் பலர் விரும்பாத சொல் அது. சட்டத்தின் சொற்களைச் சொல்லும் இடத்தில் மட்டும் அதை எடுத்தாள்வேன்.

1876இல் கனடா நாடாளுமன்றம் இந்தியர் சட்டத்தை இயற்றியது. அதில் ஒரு பிரிவு, முதற்குடி ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாலோ, மருத்துவரோ சட்டத்தரணியோ மதகுருவோ ஆனாலோ அந்தக் கணமே அவர் சட்டப்படி 'இந்தியர்' என்ற நிலையை இழப்பார் என்றது. முழுக் குடியுரிமை அளிக்கிறோம் என்ற பெயரில் செய்த ஏற்பாடு இது. சட்டப் பட்டத்தைக் கையில் வாங்கும் இளைஞனுக்குத் தன் இனத்துக்குரிய நிலத்தில் உரிமையோடு வாழும் தகுதி போய்விடும். நான்கு ஆண்டுகள் கழித்து இதைத் தளர்த்தி, விண்ணப்பித்தால் மட்டுமே என்று மாற்றினார்கள். ஆனால் படித்தால் நம்மவன் நம்மவனாக இருக்கமாட்டான் என்ற பயம் ஒரு சமூகத்துக்குள் இறங்கிவிட்டால், சட்டத்தைத் திருத்துவதால் மட்டும் அது போய்விடுமா?

1927இல் வந்த இன்னொரு திருத்தத்தை நம் மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் நம்ப மறுக்கிறார்கள். அதுதான் 141ஆம் பிரிவு. முதற்குடிகளின் உரிமைக் கோரிக்கை ஒன்றை நடத்துவதற்காக அவர்களிடமிருந்து யாராவது பணம் திரட்டினால், அரசின் எழுத்து மூல அனுமதி இல்லாவிட்டால், அது குற்றம். தண்டம் 50 முதல் 200 டொலர் வரை, அல்லது இரண்டு மாதம் வரை சிறை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் முதற்குடிகள் தங்கள் நிலத்துக்காக ஒன்றுசேர்ந்து மனுக் கொடுத்து, லண்டன்வரை போகத் துணிந்த நேரத்தில் இது வந்தது. சட்டத்தரணிக்கு இனாமாக வேலை செய்யத் தடையில்லை. கூலி வாங்கத்தான் தடை. கூலி இல்லாமல் பத்து ஆண்டு ஓடும் நில வழக்கை எந்தச் சட்டத்தரணி நடத்துவார்? அந்தப் பிரிவு 1951வரை புத்தகத்தில் இருந்தது. இந்த அவையில் இருக்கும் மூத்தோர் சிலர் அப்போது பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள்.

அந்த 1927இல்தான் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையோரத்து அலர்ட் பே என்ற ஊரில் அல்பிரட் ஸ்கோ பிறந்தார். குவாக்வாக்காவாக்வ் மக்களின் தலைவர் ஒருவருடைய மகன். பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து அடைத்த வதிவிடப் பள்ளியில் படித்தவர். தன் மக்கள் நில உரிமைக்காகக் கட்டணம் கொடுத்துச் சட்டத்தரணியை அமர்த்த முடியாத காலத்தில் வளர்ந்த அந்தப் பிள்ளை, 1961இல் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். அந்த மாகாணத்தில் அப்பட்டம் பெற்ற முதல் பூர்வகுடி மாணவர் அவரே. 1971இல் மாகாண நீதிமன்ற நீதிபதியானார். முதற்குடிகள் தங்கள் சட்ட நிலையை இழக்காமல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க முடிந்ததே 1960இல்தான். சட்டபீடத்தில் இருந்த காலத்தின் பெரும்பகுதியில் அவர் அரசமைப்புச் சட்டத்தை நாடாளுமன்ற வாக்குரிமை இல்லாமலே படித்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஸ்கோ போன்றவர்கள் தனி மரங்கள். தோப்பாக்கும் முயற்சி 1973இல் சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அங்கே சட்டபீடத் தலைவராக இருந்த ரோஜர் கார்ட்டர், பூர்வகுடி மாணவருக்கென எட்டு வாரக் கோடைப் படிப்பு ஒன்றை ஆரம்பித்தார். நாடு முழுவதிலும் அன்றைக்கு இருந்த பூர்வகுடிச் சட்டத்தரணிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. கோடைப் படிப்பு எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால், ஆதரவுத் திட்டம் என்றாலே ஆறுதல் வார்த்தையும் தேநீரும் என்று நினைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மாணவர்கள் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் சஸ்கற்றூன் நகருக்கு வருவார்கள். தன் இனத்தின் சிற்றூரிலிருந்து நேரே வந்தவர், பத்து வருடம் சமூக சேவை வேலை பார்த்தவர், பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு வந்த பெண் என்று பல வகையினர். அவர்களுக்குக் கற்பித்த மையப் பாடம் சொத்துரிமைச் சட்டம். முதலாண்டு மாணவர் எல்லோரும் படிக்கும் அதே பாடம், அதே கடினம், அதே வகையான தேர்வு. வழக்கை எப்படி வாசிப்பது, தீர்ப்பின் சாரத்தை எப்படிப் பிரித்தெடுப்பது, தேர்வில் கொடுக்கும் கற்பனைச் சிக்கலுக்குள் ஒளிந்திருக்கும் சட்டக் கேள்விகளை எப்படித் தேடுவது என்ற பயிற்சியும் சேர்ந்திருக்கும். இதில் தேறியவருக்கு நாட்டின் மற்றச் சட்டபீடங்களில் செப்டெம்பரில் இடம். நிபந்தனையோடு இடம் கொடுத்த பீடங்கள் இந்தக் கோடைப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் முடிவெடுத்தன. சிறுவயது முதலே வீட்டில் சட்டத்தரணிகள் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தானாக வந்துவிடும் ஒரு பரிச்சயத்தை, எட்டு வாரத்தில் கட்டியெழுப்பும் வேலை அது.

எத்தனையோ பாடங்கள் இருக்கச் சொத்துரிமையை எடுத்தது என்னை மிகவும் யோசிக்க வைத்தது. எந்தச் சட்டத்தால் தங்கள் நிலம் போனதோ அந்தச் சட்டத்தை முதலில் கற்றார்கள்.

இப்போது நுழைவு முறைக்கு வருகிறேன். கனடாவில் சட்டபீடம் செல்ல, பெரும்பாலும் முன்னதாக ஒரு பட்டப்படிப்பு வேண்டும். அதன் புள்ளிச் சராசரி, 120க்கும் 180க்கும் இடையே மதிப்பெண் தரும் எல்சாட் தேர்வு, தன்னைப் பற்றிய கட்டுரை, பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றைப் பார்த்துத் தேர்வார்கள். மூன்று ஆண்டுப் படிப்புக்குப் பிறகு பயிற்சிக் காலமும் தொழிற்தேர்வும். பொதுப் பிரிவோடு, பெரும்பாலான பீடங்களில் பூர்வகுடி மாணவருக்கான தனிப் பிரிவும் இருக்கிறது. அதில் விண்ணப்பிப்பவர் தன் சமூகத்தோடு தனக்குள்ள தொடர்புக்குச் சான்று தர வேண்டும். அவருடைய மதிப்பெண்ணை வாழ்க்கையோடு சேர்த்து வாசிப்பார்கள். நிரப்பியே தீர வேண்டிய விழுக்காடு என்று பொதுவாக ஒன்றுமில்லை.

சென்ற ஆண்டு ஒரு கலியாண வீட்டில், மகளுக்கு இடம் கிடைக்காத வருத்தத்தில் இருந்த அம்மா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, அவையளுக்குக் குறைஞ்ச மாக்ஸுக்கும் இடம் குடுக்கினமாம், காசும் குடுக்கினமாம். எங்கட பிள்ளை இரவு பகலாப் படிச்சும் வெளியில நிக்குது. இது என்ன நியாயம்?" அவர் கோபத்தில் கேட்கவில்லை, நோவில் கேட்டார். அந்த நோவின் வேர் எனக்குத் தெரியும். 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் பல்கலைக்கழக நுழைவுக்குத் தரப்படுத்தல் வந்தபோது, தமிழில் எழுதிய ஒரே காரணத்தால் கூடிய மதிப்பெண் எடுத்தும் வெளியே நின்ற தலைமுறை நம்முடையது. 'தனிப் பிரிவு' என்ற சொல் காதில் விழுந்தால் நம் உடம்பு அதை நினைத்துக்கொள்கிறது.

அந்த அம்மாவுக்கு அன்று அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். தரப்படுத்தலில், ஆட்சி யார் கையில் இருந்ததோ அவர்கள் தங்கள் பக்கத்துக்குத் தராசைச் சாய்த்தார்கள். இங்கே தராசைப் பிடித்திருப்பவர்கள் பூர்வகுடிகள் இல்லை. ஒருநாளும் அவர்கள் கையில் அது இருந்ததில்லை. படித்தால் உன் இனத்தை இழப்பாய் என்று எழுதிவைத்த சட்டம், வழக்காட உனக்குப் பணம் திரட்டித் தருபவர் குற்றவாளி என்று எழுதிவைத்த சட்டம், பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து வதிவிடப் பள்ளிகளில் அடைத்த சட்டம், இவை மூன்றும் ஒரே மக்களின் தலையில் விழுந்தன. அந்தப் பள்ளிகளுக்கு 150,000க்கும் அதிகமான பிள்ளைகள் அனுப்பப்பட்டார்கள். கடைசிப் பள்ளி மூடியது 1990களில். தமிழ் என்பதற்காகத் தள்ளப்பட்ட நாம், இவர்கள் எதற்காகத் தள்ளப்பட்டார்கள் என்பதை மற்றவர்களைவிடச் சீக்கிரம் விளங்கிக்கொள்ள வேண்டியவர்கள். இன்னொன்றும் உண்டு. உள்ளே வந்தபின் தேர்வுத் தாளில் மாணவரின் பெயர் பொதுவாக இருக்காது, எண் மட்டுமே இருக்கும். திருத்துபவருக்கு யார் எந்தப் பிரிவில் வந்தார் என்று தெரியாது.

காசு விஷயமும் நாம் கேள்விப்படுவது போல் இல்லை. முதற்குடி மாணவருக்கான மத்திய அரசின் உயர்கல்வி நிதி, அந்தந்தச் சமூகத்தின் நிர்வாகம் வழியாகவே வருகிறது. 1996 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த நிதி ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் வளரக்கூடாது என்று கட்டி வைத்திருந்தார்கள். மாணவர் தொகை வளர்ந்தது, கட்டணம் வளர்ந்தது, நிதி மட்டும் அந்த அளவுக்கு வளரவில்லை. ஆகவே தகுதி பெற்றும் காத்திருப்புப் பட்டியலில் நின்றவர்கள் ஏராளம். மெட்டி மக்கள் அந்தத் திட்டத்துக்கே வெளியே நின்றார்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகச் சட்டபீடத்தின் ஆண்டுக் கட்டணம் இன்று முப்பதாயிரம் டொலரைத் தாண்டுகிறது. 'எல்லாம் சும்மா' என்று சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

உள்ளே நுழைந்தபின் நிலைத்து நிற்பது தனிப் பாடு. மரே சின்க்ளேயர் மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தில் 1979இல் சட்டப் படிப்பை முடித்தவர். 1988இல் அந்த மாகாணத்தின் முதல் பூர்வகுடி நீதிபதி ஆனவர். தொழிலைத் தொடங்கிய சில ஆண்டுகளில் அதை விட்டுவிடவே எண்ணியதாக அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நீதிமன்றத்தில் அவரைக் குற்றம் சாட்டப்பட்டவர் என்று நினைத்தவர்கள் உண்டு. தன் மக்களின் மூதாளர் ஒருவரிடம் போய் ஆலோசனை கேட்டார். அந்தச் சந்திப்புக்குப் பிறகு தன் அனிஷினாபே மரபை ஆழ்ந்து கற்றுக்கொண்டு தொழிலில் நிலைத்தார். பின்னாளில் வதிவிடப் பள்ளிகள் பற்றிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. இன்று பல சட்டபீடங்களில் மூதாளர் ஒருவருக்கு அறை ஒதுக்கியிருக்கிறார்கள். வெளியாருக்கு அது சடங்கு போலத் தோன்றலாம். அந்த ஓர் ஆலோசனை சின்க்ளேயருக்குக் கிடைக்காதிருந்தால் இந்த நாடு எதை இழந்திருக்கும் என்று எண்ணும் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சின்க்ளேயரின் ஆணைக்குழு 2015இல் 94 அழைப்புகளை முன்வைத்தது. 28ஆவது அழைப்பு நேரே சட்டபீடங்களைப் பார்த்துச் சொன்னது: பூர்வகுடிகளும் சட்டமும் என்ற பாடத்தை ஒவ்வொரு மாணவரும் கட்டாயம் படிக்க வேண்டும். நம் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். எனக்கு அந்தப் பாடம் வாய்த்திருந்தால், முதலாண்டோடு காணாமற்போன அந்தச் சகமாணவியிடம் இரண்டு வார்த்தையாவது பேசியிருப்பேன்.

மாணவரைச் சட்டபீடத்துக்கு அழைப்பது ஒரு வழி என்றால், சட்டபீடத்தையே மாணவரிடம் கொண்டுபோவது இன்னொரு வழி. 1999இல் இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நுனாவுற் பிரதேசம் உருவானபோது அங்கே இனுயிட் சட்டத்தரணி என்று சொல்ல ஒருவரே இருந்தார். அவர் போல் ஓக்காலிக்; பிரதேசத்தின் முதல் முதலமைச்சரும் அவரே. சட்டம் படிக்க வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தெற்கே போக வேண்டும். குழந்தை குட்டியோடு இருப்பவர் எப்படிப் போவார்? 2001இல் விக்டோரியாப் பல்கலைக்கழகம், அக்கிற்சிராக் சட்டப் பள்ளியோடு சேர்ந்து தன் பாடத்தை நுனாவுற்றின் இக்கலூவிற் நகரிலேயே நடத்தியது. விரிவுரையாளர்கள் தெற்கிலிருந்து மாறி மாறிப் பறந்து போனார்கள். 2005இல் பதினொரு பேர் பட்டம் பெற்றார்கள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு. அதன் பிறகு அந்தப் பள்ளி தொடர்ந்து நடக்காமல் நின்றுபோனது. சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தின் வழியாக அடுத்த அணி அங்கே படிக்கத் தொடங்கியபோது 2017 ஆகிவிட்டது. இடையில் போன ஆண்டுகளை நினைக்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இனி நான் சொல்ல வந்ததன் மையப் பகுதி. இந்த மாணவர்கள் உள்ளே வந்தால் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்றே நாம் பேசுகிறோம். அவர்கள் இல்லாததால் சட்டத்துக்குக் கேட்காமல் போனது என்ன என்பதுதான் என் கேள்வி.

1984இல் கிற்சான், வெற்சுவெற்றன் என்ற முதற்குடி மக்களின் மரபுத் தலைவர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு வழக்குத் தொடுத்தார்கள். தங்கள் உரிமை என்று அவர்கள் கோரியது 58,000 சதுர கிலோமீற்றர் நிலம். டெல்கமூக் வழக்கு என்று அது பெயர் பெற்றது. விசாரணை 1987இல் தொடங்கி 374 நாட்கள் நடந்தது. அவர்களிடம் எழுதிய உறுதி இல்லை. 'அடாவ்க்' என்று கிற்சான் மக்கள் அழைக்கும் குடும்ப வரலாறுகள் இருந்தன. எந்தக் குலம் எந்த ஆற்றங்கரைக்கு எப்படி வந்தது, என்ன விலை கொடுத்து அந்த நிலத்துக்கு உரியதாயிற்று என்பதை அவை சொல்லும். பாட்டும் அவற்றின் பகுதி. மேரி ஜோன்சன் என்ற மூதாட்டி சாட்சிக் கூண்டில் தன் குலத்தின் பாட்டைப் பாட வேண்டிய கட்டம் வந்தது. நீதிபதிக்கு அது பிடிக்கவில்லை. பாடுவது நீதிமன்றத்துக்கு ஏற்றதில்லை, தன் காதுக்கு அது ஒன்றும் சொல்லாது, சொற்களை எழுதிக் கொடுத்தால் போதும் என்ற வகையில் தடுத்துப் பார்த்தார். மூதாட்டி பாடினார். 1991இல் வந்த தீர்ப்பு அந்த வாய்மொழி வரலாறுகளுக்கு நில உரிமையை நிறுவும் வலிமை இல்லையென்று ஒதுக்கியது.

நம் தேசவழமையை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்து மக்கள் முதுசமும் சீதனமும் எப்படிக் கைமாறுவது என்று வாய்வழியாகப் பேணிய முறையை 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்தார்கள். எழுதப்பட்டதால் அது இன்றுவரை நீதிமன்றத்தில் நிற்கிறது. எழுதுவதற்கு முன்பும் அது சட்டமாகத்தானே இருந்தது? காணிப் பதிவேடான தோம்பிலும் ஏட்டிலும் ஏறும் முன்பே யாழ்ப்பாணத்தில் காணிக்கு உரிமை இருந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. அப்படியென்றால் மேரி ஜோன்சனின் பாட்டை நாம் எப்படிக் கேட்க வேண்டும்?

1997 டிசம்பர் 11ஆம் நாள் கனடா உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. வாய்மொழி வரலாற்றை எழுத்து ஆவணத்துக்குச் சமமாக வைத்து எடைபோட வேண்டும் என்றது. புதிய விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்தப் புதிய விசாரணை நடக்கவே இல்லை. ஆனால் அதே காலத்தில் சட்டபீடங்களில் ஏதோ அசையத் தொடங்கியிருந்தது. எடுத்துக்காட்டாக, கவஸ்கிம்ஹோன் என்ற க்ரீ மொழிப் பெயரோடு ஒரு மாதிரி நீதிமன்ற நிகழ்வு ஆண்டுதோறும் நடக்கிறது. மற்ற மாதிரி வழக்காடல்களில் வெல்பவரும் தோற்பவரும் உண்டு. இதில் எல்லாத் தரப்பும் வட்டமாக உட்கார்ந்து இணக்கம் காண முயல்வார்கள். வெற்றிக் கேடயம் கிடையாது. இரண்டு முறை போய்ப் பார்த்தேன். மூன்று பத்தாண்டுத் தொழிலில் நான் கண்ட எந்தக் குறுக்கு விசாரணையையும்விட அந்த மாணவர்கள் ஒருவரையொருவர் கூர்ந்து கேட்டார்கள்.

2018இல் விக்டோரியாப் பல்கலைக்கழகம், ஜோன் பொறோஸ், வல் நெப்போலியன் ஆகிய இரு பூர்வகுடிச் சட்ட அறிஞர்களின் நீண்டகால உழைப்பின் பயனாக, நான்கு ஆண்டுப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. முடிப்பவருக்கு இரண்டு பட்டங்கள்: கனடாவின் பொதுச் சட்டத்தில் ஒன்று, பூர்வகுடிச் சட்ட மரபுகளில் ஒன்று. பிந்திய ஆண்டுகளில் மாணவர்கள் பூர்வகுடிச் சமூகங்களுக்குள் போய் வாழ்ந்து, அவர்களோடு வேலை செய்து கற்க வேண்டும். முதல் அணி 2022இல் வெளியே வந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில், ஒடனாக் முதற்குடியைச் சேர்ந்த அபெனாகிப் பெண்ணான மிஷெல் ஓபொன்சவின் கனடா உயர் நீதிமன்றத்தின் முதல் பூர்வகுடி நீதிபதியாகப் பதவியேற்றார்.

அந்தப் படிப்பின் சொத்துரிமைப் பாடத்தில் ஆங்கிலேய நிலச் சட்டமும் கிற்சான் நிலச் சட்டமும் ஒன்றையொன்று உரசும்படி அருகருகே கற்பிக்கப்படுகின்றன. வகுப்பறை இருப்பது, மேரி ஜோன்சன் சாட்சி சொன்ன அதே மாகாணத்தில். அங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர், தேர்வுக்கு முந்தைய இரவில், ஒரு குலம் தன் ஆற்றங்கரைக்கு எப்படி உரியதாயிற்று என்று அடாவ்க் சொல்வதை, எல்லை எல்லையாகப் படித்துக்கொண்டிருப்பார்.